மகாராணியின் சாவுக்கு வந்தவர்கள்

வண்டியிலிருந்து முதலில் இறங்கியது டாக்டர் அல்ல, ஆளுயர மலர்ப்பலகை.

'ஆழ்ந்த இரங்கல். மகாராணி, வயது ஆறு' என்று அதில் பூவால் எழுதியிருந்தது.

நர்ஸ் முர்தியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிறுநீர் சோதிக்கும் தாள் ஒரு பெட்டி அனுப்புங்கள் என்று ஏழு மாதமாகக் கேட்டு அவளுக்கு வாய் வலித்துவிட்டது. தாள் வரவில்லை. பூ வந்திருக்கிறது.

பூ அனுப்பியது, குழந்தைகளின் சிறுநீரக நோய் பற்றி ஆறு மாவட்ட மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் கூட்டாய்வு. நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் வைத்தியம் ஜாவாவின் தென்மலைப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டுமாம். அவர்கள் கொடுத்த சுவர்க்கடிகாரத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

மகாராணியைப் பற்றி மாதம் தவறாமல் அவள் அறிக்கை அனுப்பினாள். முகம் வீங்குகிறது. கால் வீங்குகிறது. மாத்திரைக்குக் கேட்கவில்லை. சிறுநீரக நிபுணர் நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

'தங்கள் பங்களிப்புக்கு நன்றி' என்று மாதம் தவறாமல் பதிலும் வந்தது.

இப்போது சிறுநீரக நிபுணர் டாக்டர் ஹெர்லம்பாங் தாமே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார், கூட இரண்டு பேரோடு. மரணம் பதிவானால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நிபுணர் நேரில் வந்து விசாரிக்க வேண்டும் என்பது ஆய்வின் விதி. நாற்பதிலேயே வந்துவிட்டார்கள். மழை, மலைப்பாதை, ஆள் பற்றாக்குறை எதுவும் இந்தத் தடவை குறுக்கே நிற்கவில்லை.

முர்தியா அவர்களைக் குழந்தையின் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

பாயில் உட்கார்ந்து ஒரு சிறுமி கோழிக்குஞ்சோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"இவதான், டாக்டர்," என்றாள் முர்தியா.

டாக்டருக்கு முகம் சிவந்தது. "விளையாடுறீங்களா சிஸ்டர்? குழந்தை உசுரோட இருக்கு!"

"மகாராணி போயிட்டாய்யா," என்று தாய் சுமினா குறுக்கே வந்தாள். "இவ ரஹாயு. பழைய பேரச் சத்தமாச் சொல்லாதீங்க, நோய் காதுல விழுந்துடும்."

ஒரு பிள்ளை ஓயாமல் நோயில் படுத்தால், பெயரின் கனம் தாங்கவில்லை என்பார்கள் அந்தப் பக்கம். சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் காய்ச்சித் தெருவுக்கெல்லாம் கொடுத்து, பழைய பெயரைக் கைவிட்டு லேசாக ஒன்று வைப்பார்கள். போன வாரம்தான் வைத்தார்கள். முர்தியாவும் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

"அதுக்காக 'இறப்பு'ன்னு இருக்கற கட்டத்துல டிக் போடுவீங்களா? படிச்சவங்கதானே நீங்க? ஆறு மாவட்டமும் ஆடிப்போயிருக்கு!"

முர்தியா தலையைக் குனிந்துகொண்டாள். மனுஷன் ஆசை தீரத் திட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

திட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை குழந்தையின் காலுக்குப் போனது. குனிந்து கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

அதோடு திட்டு நின்றது.

வயிற்றைத் தட்டிப் பார்த்தார். முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"வண்டியில ஏத்துங்க. இன்னிக்கே அட்மிட் பண்ணணும். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா..."

சுமினா மாற்றுத்துணி எடுக்க உள்ளே ஓடினாள். முர்தியாவுக்கு அழுகை முட்டியது. பிழைத்துக்கொள்வாள் என்ற நிம்மதி ஒரு பக்கம். ஏழு மாதக் கோபம் இன்னொரு பக்கம், துளியும் குறையாமல்.

தாயும் மகளும் ஏறிக்கொண்டார்கள். கதவைச் சாத்தப்போன டாக்டர் திரும்பினார்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர் இருக்காங்க உங்க கிட்ட?"

"நாலு பேர் டாக்டர்," என்றாள் முர்தியா. "நீங்களா வர்றீங்களா, இல்ல எழுதட்டுமா?"