சரக்கறைச் சாவி

"முதல்ல அவனை உள்ள தள்ளிப் பூட்டுங்கப்பா. அப்புறம் டி.வி.யைப் போடலாம்!" என்று கத்தினார் முடிதிருத்தும் திபுர்சியோ.

அன்செல்மோவின் மளிகைக்கடையில் அந்த ஞாயிறு மதியம் கால் வைக்க இடமில்லை. இருபத்தொன்பது வருஷம் கழித்து உள்ளூர் அணியான பச்சைச் சட்டைக்காரர்கள் பேஸ்பால் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை வந்திருந்தார்கள். மைதானம் என்னவோ நாலு தெரு தள்ளித்தான். டிக்கெட் கிடைக்காத பாதி ஊர் இங்கே வந்து நின்றது.

உள்ளே போக வேண்டியவர் ஃப்ரெமியோ. அன்செல்மோவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அவர் கண் பட்டால் பச்சைக்காரன் தோற்பான் என்று ஊரே நம்பியது. ராசி கெட்டவனை அங்கே 'ஃபுகூ' என்பார்கள். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. ஒரு தடவை மைதான வாசல் வரிசையில் நின்றவரைச் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்திருக்கிறார்கள்.

"கோப்பை ஜெயிச்ச அந்த வருஷம் என்ன பண்ணினோம்? நம்ம ஊர்ல நடந்த நாலு ஆட்டத்துக்கும் இவனை இதே சரக்கறையில அடைச்சோம். நாலும் நம்மளுது!" என்றார் திபுர்சியோ. "இந்த வருஷமும் மூணு தடவை அடைச்சாச்சு. மூணும் நம்மளுது. இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?"

"கோப்பை ஜெயிச்ச அந்தக் கடைசி ஆட்டம்! அடேயப்பா!" என்றார் பேருந்து ஓட்டுநர் எலாதியோ. "நம்ம கெல்வின் ஓடி வந்து சறுக்கினான் பாரு, தொப்பி எங்கேயோ பறந்து போச்சு."

"தொப்பி இல்ல, ஷூ," என்றார் ஃப்ரெமியோ. "இடது கால் ஷூ."

"வெங்காய மூட்டை நடுவுல கிடந்த உனக்கு என்னடா தெரியும்?"

"யாரோ சொன்னாங்க," என்று முனகினார் ஃப்ரெமியோ.

கடையே சிரித்தது. அன்செல்மோவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்றும் பூட்டியது அவர் கைதான்.

"தள்ளாதே, நானே போறேன். இஸ்திரி போட்ட சட்டை," என்றபடி ஃப்ரெமியோ பச்சைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கையில் ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை.

"இருட்டறைக்குப் போறதுக்கு மாப்பிள்ளை வேஷத்தைப் பாரு!"

அன்செல்மோ கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வந்தது. பச்சைக்காரர்கள் ஒரே ஒரு ரன் முன்னால். எதிரியான தலைநகர் அணியில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருத்தன் அவுட்டானால் கோப்பை. ஆனால் மூன்று பேஸிலும் தலைநகர்க்காரன் நிற்கிறான். ஒரு நல்ல அடி விழுந்தால் எல்லாம் போச்சு. கடையில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

அன்செல்மோவின் மனைவி மிரெயா மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த தடவை வர இன்னும் இருபத்தொன்பது வருஷம் ஆச்சுன்னா, ஃப்ரெமியோ இருப்பாராய்யா? ஒரே ஒரு கோப்பையையாவது கண்ணால பார்க்க வேண்டாமா?"

அன்செல்மோ எழுந்தார்.

"டேய், சாவியை எடுக்காதே!" திபுர்சியோ குறுக்கே பாய்ந்தார். "திறந்தே, அவ்வளவுதான். செத்தாலும் உன் கடை வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

"மிதிக்காட்டிப் போ. கோப்பை போனாப் போகட்டும். அவன் என் சிநேகிதன்டா!"

கத்திய ஆட்களை விலக்கிக்கொண்டு பூட்டைத் திறந்து உள்ளே போனார் அன்செல்மோ.  அரை நிமிடம் கழித்துத் தனியாக வெளியே வந்து, கதவைச் சாத்தி, மறுபடி பூட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"என்னாச்சு?" என்றாள் மிரெயா.

"வர மாட்டானாம்," என்றார் அன்செல்மோ.  "இருக்கிற இடமே நல்லாருக்காம்."

"பார்த்தியா? உன்னைவிட அவனுக்குப் பொறுப்பு இருக்கு!" என்றார் திபுர்சியோ.

அப்போது மைதானத்திலிருந்து பெரும் கூச்சல் எழுந்தது. டி.வி.யில் படம் எப்போதும் சில நொடி தாமதம். அது வெற்றியா, இழவா? திபுர்சியோ சிலுவை போட்டுக்கொண்டார். திரையில் இப்போதுதான் பந்து கையை விட்டுக் கிளம்புகிறது. அடி. பந்து மேலே, மேலே... வேலியோரம் ஓடிய பச்சைக்காரன் எம்பினான். கைக்குள் வந்துவிட்டது!

கடை இடிந்து விழாத குறை. ஆண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"பூட்டினதாலதான் ஜெயிச்சோம்!" என்று கூவினார் திபுர்சியோ. "அடுத்த வருஷமும் அவனுக்கு இதே ரூம்தான்! சத்தியம் பண்ணு அன்செல்மோ!"

"சத்தியமா. எந்த ஆட்டம்னாலும் நானே பூட்டுறேன்," என்ற அன்செல்மோவின் பார்வை திரையை விட்டு நகரவில்லை. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. சட்டென்று பாய்ந்து அந்தச் சின்ன டி.வி.யை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"சந்தோஷத்துல பைத்தியமே பிடிச்சுடுச்சு இவனுக்கு!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் நெஞ்சு மறைத்த திரையில், முதல் வரிசையில் நின்று கடலையை வாரி இறைத்தபடி தேம்பி அழுதுகொண்டிருந்தார் ஃப்ரெமியோ. அன்செல்மோவின் சட்டைப் பையில் ஏழு கிழித்த டிக்கெட்டுகள் இருந்தன. சரக்கறைப் பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்குக் கழன்று தொங்கிய பலகையின் ஆணியில் குத்தியிருந்தவை அவை: மூன்று இந்த வருஷத்தவை, நாலு இருபத்தொன்பது வருஷத்துக்கு முந்தியவை.