தெற்கு ஓட்டையை அடைத்தல்

ஒரு புற்றில் எறும்புகள் எல்லா வேலையையும் லேப்டாப்பில் பதிந்துவைத்தன. பதிவது மேற்பார்வைக் கட்டெறும்பு. புது வேலை வந்தால், பழையது ஒன்றைக் காப்பி செய்து தலைப்பை மட்டும் மாற்றிவிடும். அப்படித்தான் “அரிசி இறக்குதல்” ஒருநாள் “தெற்கு ஓட்டையை அடைத்தல்” ஆனது.

மறுநாள் வானம் இருட்டியது. ஓட்டை திறந்தே கிடந்தது.

“ஏன் யாரும் அடைக்கல?” என்று கேட்டது ஒரு சிற்றெறும்பு.

“பொன்னுரங்கம் அண்ணன் பேர்ல இருக்கு,” என்றது பக்கத்தில் நின்ற எறும்பு.

“அவரைப் பல்லி முழுங்கி ஒரு மாசமாச்சே!”

“இருந்தாலும், அவர் வேலையில நாம எப்படிக் கை வைக்கிறது?”

மழை கொட்டியது. புற்று கரைந்தது. தப்பியவை மிதந்துபோன ஒரு சருகில் தொற்றிக்கொண்டன. கட்டெறும்பு லேப்டாப்பை நனையவிடவில்லை.

“பயப்படாதீங்க, புது வேலை போட்டுட்டேன்,” என்றது.

சிற்றெறும்பு எட்டிப் படித்தது. “புற்றைத் திரும்பக் கட்டுதல். பொறுப்பு: பொன்னுரங்கம். முடிக்க வேண்டிய நாள்: போன மாதம் பத்தாம் தேதி.”

“பத்தாம் தேதியா?” கட்டெறும்பின் முகம் சுருங்கியது. “இவ்வளவு லேட் பண்ணியிருக்காரே! இருங்க, அவருக்கு ஒரு ரிமைண்டர் அனுப்பறேன்.”