தொகையை எழுதும் முறை

“திருத்தி எழுதிட்டு வாம்மா.”

மனு மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது. கார்குழலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முத்தியால்பேட்டையில் இருந்த அந்த அறக்கட்டளையில் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் பணம் கொடுப்பார்கள். ஆனால் மனு இங்கிலீஷில், சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும். தொகையை எழுதுவதில் தப்பிருந்தால் உள்ளேயே போகாது. அதை நடத்துகிற பெரியவர் நாராயணசாமி போட்ட சட்டம்.

மகள் தீபலட்சுமிக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் இருபத்தைந்தாயிரம் கட்டாவிட்டால் சீட்டு வேறு யாருக்கோ போய்விடும். பிளஸ் டூவோடு மறந்துபோன இங்கிலீஷை நம்பி, பிள்ளைச்சாவடியிலிருந்து பத்து மணிக்கே வந்துவிட்டாள் கார்குழலி.

மனு வாங்குகிற ஜஹபர் நிஷா மேடத்துக்குத்தான் இரக்கமே இல்லை.

முதல் தடவை, “ரூபாய்க்குப் போடுற ஆர்எஸ், நம்பருக்கு முன்னாடி வரணும். நீ பின்னாடி போட்டிருக்க.”

இரண்டாவது தடவை, “எழுத்தால எழுதினா முடிவுல ஒன்லி போடணும். இல்லன்னா மிச்ச இடத்துல யாரு வேணா எதையாவது சேர்த்துடுவாங்க.”

இப்போது, “கிவ் மீ மணின்னு எழுதுவாங்களா? பைனான்ஷியல் அசிஸ்டன்ஸ்னு எழுது.”

“மூணையும் ஒரே தடவையில சொல்லியிருக்கலாமே மேடம்?”

“கண்ணுல பட்டாத்தானே சொல்ல முடியும்?”

திறந்திருந்த கதவு வழியாக உள்ளேயிருந்து பெரியவர் குரல் கொடுத்தார். “கரெக்ட் நிஷா! தொகைய எழுதத் தெரியாதவங்களுக்குத் தொகை எதுக்கு? திருப்பி அனுப்பு!”

கார்குழலி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கால் கடுத்தது. காலையில் ஒரு டீ குடித்ததோடு சரி.

அப்போது இராமதாஸ் என்று ஒருவர் வந்தார். மனைவிக்கு ஆபரேஷனாம். அவர் மனுவிலும் ஒன்லி இல்லை. நிஷா மேடம் பேனாவை அவர் கையில் கொடுத்து, “இங்க ஒன்லி போடுங்கண்ணே” என்று இடத்தைக் காட்டி, உடனே உள்ளே கொண்டுபோனாள். பத்தே நிமிஷத்தில் அவர் காசோலையோடு கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆளைப் பார்த்துத்தான் சட்டம் போலிருக்கிறது. ஆனாலும் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடுமே! பேசாமல் நான்காவது தாளை எடுத்து எழுதினாள்.

“இருபத்தஞ்சுக்கு அப்புறம் கமா எங்க?”

ஐந்தாவது தாள்.

ஒரு மணிக்குப் பெரியவர் கிளம்பிப் போனார். சாப்பாட்டு நேரம் என்று ஆபீஸை மூடிவிட்டார்கள். வாசல்படியிலேயே கிடந்தாள் கார்குழலி. இரண்டு மணிக்குப் பெரியவரின் மனைவி வசந்தா அம்மாள் வந்து ஆபீஸைத் திறக்கச் சொல்லி, உள்ளே பெரியவரின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நிஷா மேடம் கார்குழலியின் கையிலிருந்த தாளை வெடுக்கென்று பிடுங்கினாள். படித்துக்கூடப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் காலேஜ் பெயருக்குக் காசோலை வந்துவிட்டது.

வாங்கும்போது கார்குழலிக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் முன்னால் வந்தது.

“நல்லா இருங்க மேடம். ஆனா, அந்த அண்ணனுக்கு இடத்தக் காட்டிப் போட வச்சீங்க. என்னை மட்டும் காலையிலருந்து நாயா அலைய விட்டீங்களே, நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?”

நிஷா மேடம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

“வைத்தியம்னா பெரியவரு உடனே குடுத்துடுவாரும்மா. பொண்ணுங்க படிப்புன்னா அவருக்கு ஆகாது. அவரு மனுவுல ஒருதரம் எழுதிட்டார்னா, அப்புறம் மத்தியானம் பாக்குற அம்மாவால மாத்த முடியாது. மத்தியானம் வான்னு உன்கிட்ட சொல்லலாம்னா, கதவு திறந்தே கிடக்குது. தப்பு கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்பினா மட்டும்தான் சந்தேகப்பட மாட்டாரு.”

கார்குழலி காசோலையைப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

“அவரு என்ன எழுதுவாரு மேடம்?”

“அவரு எழுதுற இங்கிலீஷ்ல தப்பே கண்டுபிடிக்க முடியாதும்மா. ஒரே வார்த்தைதான், நோ.”