சக்களத்தியின் ஊசி

சக்களத்திக்குச் சூடு பிடிக்க அரைமணி நேரமாவது ஆகும். அதுவரை அவர் நகரமாட்டார். அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கட்டின மனைவி அறை வாசலில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயர் வைத்தது அவள்தான். வீட்டின் சின்ன அறையில் அவர் நடத்தும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் புதிதாக வந்த ட்யூப் கம்ப்ரஸர் அது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் தணல் மாதிரி மினுங்கும். பாடுகிறவர் கத்தினால் குரலை அமுக்கும், முணுமுணுத்தால் தூக்கிவிடும். முகப்பில் ஒரு ஊசி, குரலுக்குத் தகுந்தபடி ஆடிக்கொண்டே இருக்கும்.

வாங்கி வந்த அன்றே கேட்டாள். "இந்த வேலையத்தான் கம்ப்யூட்டரே செய்யுதே, எதுக்குங்க இவ்ளோ பெரிய பெட்டி?"

"இதுல ஊசி நல்லாத் தெரியுது."

அதோடு பேச்சு முடிந்தது. இப்போதெல்லாம் எந்தப் பேச்சும் அப்படித்தான் முடிகிறது.

கல்யாணமான புதிதில் இப்படியா இருந்தார்? பாட்டின் நடுவே அவள் எச்சில் விழுங்கினால்கூடக் கண்டுபிடித்துச் சிரிப்பார். தொழிலில் அவர் காதுக்கு அப்படியொரு பேர். இன்றைக்கோ, அடுக்களையிலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் ஒரு 'ம்' கிடையாது. எதிரே போய் நின்றால் தலையை ஆட்டுவார். சாப்பாடு பிடித்ததா என்றாலும் அதே ஆட்டல், காய்ச்சல் அடிக்கிறது என்றாலும் அதே ஆட்டல்.

முதலில் சண்டை போட்டாள், பிறகு அழுதாள். கொஞ்ச நாளாக இரண்டுமே வருவதில்லை. பல் டாக்டர் மருந்து போட்ட ஈறு மாதிரி மனசு மரத்துப்போய்க் கிடந்தது.

நேற்று துணி மடித்தபடி, திரும்பிப் பார்க்காமல், "நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன்" என்று சொல்லிப் பார்த்தாள். பின்னால் கட்டிலில் சாய்ந்திருந்தவரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

காலையில் அக்கா போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "அந்த மனுஷனுக்கே யாரோ அந்தப் பெட்டிய மாட்டிவிட்டுட்டாங்க போலிருக்குடி. ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல. பேசாமக் கிளம்பி வா. சாயங்காலம் மாமாவ வண்டியோட அனுப்பறேன்."

"இன்னிக்கு ஒரு பாட்டு பாக்கி இருக்குக்கா. அது முடியறதுக்குள்ள 'போகாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா இருந்துடறேன்."

பையை அடுக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் பாட வந்திருந்தாள்.

சூடு பிடித்துவிட்டது. அவர் கை காட்டினார். அவள் மைக்குக்கு முன்னால் இருக்கும் வட்ட வலைக்குப் பின்னே போய் நின்றாள். வலை அவள் பாதி முகத்தை மறைத்தது.

"என்கிட்ட சொல்றதுக்கு ஏதாவது இருக்குதாங்க?"

"கொஞ்சம் கிட்ட நில்லு," என்றார் அவர்.

பல்லவி ஒழுங்காகப் போனது. அவர் பார்வை அவள் பக்கமே வரவில்லை, ஊசியைவிட்டு நகரவில்லை. சரணம் வந்தபோது அவளுக்கு என்ன தோன்றியதோ, எழுதிக்கொடுத்த வரிகளை விட்டுவிட்டு அதே மெட்டில், தாளம் தப்பாமல், வேறு பாடினாள்.

"போறேன் நான் போறேன், அக்கா வீடு போறேன்... நில்லுன்னு சொன்னா நின்னிடுவேன்..."

குரல் உடையவில்லை. உடைந்திருந்தாலும் சக்களத்தி அதைச் சமாளித்திருப்பாள். அவர் குமிழை மயிரிழை திருப்பினார். ஊசி நிற்க வேண்டிய இடத்தில் நின்றதும், திருப்தியாகக் கட்டைவிரலை உயர்த்தினார்.

எச்சில் விழுங்குவதைக் கண்டுபிடித்த மனிதர்! இதற்குமேல் ஒருத்தி எப்படித்தான் கேட்பாள்? தாராளமாகப் போ என்றுதான் அர்த்தம். அவளுக்கு வலிக்கக்கூட இல்லை.

வாசலில் வண்டி ஹார்ன் அடித்தது. அவர் சட்டை செய்யவில்லை. பதிவானதை மறுபடி கம்ப்ரஸர் வழியாக ஓட்டிவிட்டு, ஊசிக்கு முன்னால் குனிந்துகொண்டார். இரண்டு ஸ்பீக்கரிலும் அவள் குரல் அறையை நிறைத்தது. 'போறேன் நான் போறேன்' என்று அவள் குரலே அவளை வழியனுப்பிக்கொண்டிருந்தது.

பையை எடுத்துக்கொண்டு அறை வாசல்வரை வந்தவள் நின்றாள். ஸ்பீக்கர்களுக்கு மட்டும் தனி ஸ்விட்ச், கதவோரம் இருந்தது. சத்தம் நின்றால் மனிதர் திரும்பித்தானே ஆகவேண்டும், கடைசியாக முகத்தையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று அதை அணைத்தாள்.

அறை கப்சிப் என்று ஆனது. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வதுகூடக் கேட்டது.

அவர் திரும்பவில்லை. கம்ப்யூட்டரில் பாட்டு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஊசியும் முன்போலவே ஆடியது. அவர் அதையே பார்த்தபடி குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினார். தாளத்துக்குத் தலையை ஆட்டினார். பிறகு, பின்னால் அவள் நிற்பாள் என்ற நினைப்பில், வழக்கத்தைவிட உரக்கச் சொன்னார்.

"இப்பதாம்மா உன் குரல் கேக்க இதமா இருக்கு."