கழற்றிவிட்டவர்

"நீங்கல்லாம் ஒரு மனுஷனா, ஹாலிஸ்?"

வாசல் கதவைப் பாதி திறந்தபடியே கேட்டாள் லோரெய்ன். உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

ஹாலிஸ் எங்கள் ஊர் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணியின் மேனேஜர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"முடிவு பண்ணியாச்சு லோரெய்ன். ராடோவை இன்னிக்கே விடுவிச்சிட்டோம்."

ராடோ, ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஆட்டக்காரப் பையன். வெளியூர்ப் பையன்களை ஊர்க்காரர்கள் வீட்டோடு வைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொள்வது இங்கே வழக்கம். ரெண்டு சீசனாக அவன் லோரெய்ன் வீட்டுப் பிள்ளை. 'அம்மா' என்றுதான் கூப்பிடுவான்.

"போன வாரம் உங்க ஆபீசுக்கே வந்து கெஞ்சினேனே! ஆகஸ்ட் பயிற்சி முகாம் வரைக்குமாவது வெச்சிருங்க, புதுசா வர்றவனோட மோதிப் பார்க்கட்டும்னு சொன்னேனே!"

"ஒரு டீமுக்கு வெளிநாட்டுப் பசங்க ரெண்டே பேர்தான். லாட்வியாக்காரன் ஒருத்தன் ஏற்கெனவே இருக்கான். நாளைக்கு டிராஃப்ட்ல அந்தச் செக் நாட்டுப் பையனை எடுக்கப் போறோம்..."

"எடுங்க, யார் வேண்டாம்னா? சீசன் ஆரம்பிக்கிற வரைக்கும் மூணு பேர் இருக்கலாமே! மத்த டீமெல்லாம் அப்படித்தானே பண்றாங்க?"

அவள் கேட்டது நியாயம்தான். டிராஃப்ட் என்பது எல்லா டீமும் கூடி, வெளிநாட்டுப் பையன்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கிற நாள். அதில் பெயர் சொல்லி எடுத்துவிட்டால் மட்டும் பையன் வந்து சேர்ந்துவிடுவானா என்ன? சொந்த ஊரே போதும் என்று இருந்துவிடுகிறவர்களும் உண்டு. அதனால்தான் விவரமான மேனேஜர்கள், புதியவன் வந்து இறங்குகிற வரை பழையவனை விடமாட்டார்கள்.

ஹாலிஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.

"கல்நெஞ்சுக்காரர்!"

"மெதுவா பேசு, அவர் காதுல விழப்போகுது" என்றார் அவள் கணவர் வெர்ன்.

"நல்லா விழட்டும்! ஜூனியர்ல ஆட ராடோவுக்கு இதுதான் கடைசி வருஷம். இப்ப டீம் கிடைக்கலைன்னா வயசு தாண்டிடும். மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். இவருக்கு என்ன வந்தது?"

மறுநாள் டிராஃப்ட். ஹாலிஸ் அந்தச் செக் பையனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில், கிழக்குக் கடற்கரைப் பக்கத்து டீம் ஒன்று ராடோவை எடுத்துக்கொண்டது.

லோரெய்ன் சந்தோஷத்தில் அழுதே விட்டாள். "பார்த்தீங்களா வெர்ன்? இவர் தூக்கிப் போட்டாலும் ஆண்டவன் கைவிடலை!"

ஆகஸ்ட் வந்தது. செக் பையன் வரவில்லை. சொந்த ஊரிலேயே ஆடப் போகிறானாம்.

அவ்வளவுதான், ஊரே ஹாலிஸைப் பிடித்துக்கொண்டது. ஒரு இடம் காலியாகவே சீசன் தொடங்கியது. அடி மேல் அடி. ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டத்திலிருந்து யாராவது கத்துவார்கள்: "ஹாலிஸ்! சும்மாத்தானே உட்கார்ந்திருக்கீங்க, அந்தக் காலி இடத்துல நீங்களே இறங்கி ஆடுங்களேன்!"

ஒருநாள் மளிகைக் கடையில் லோரெய்னிடம் மாட்டினார்.

"என்ன ஹாலிஸ், அவனும் போச்சு, இவனும் போச்சா?"

"ஆமா. என் கணக்குத் தப்பாப் போச்சு." முட்டை டப்பாவைத் திறந்து உடைசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டார், "ராடோ நல்லா ஆடுறானாமா?"

"உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?"

தலையை ஆட்டிக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே கிளப் அவரை வேலையை விட்டு அனுப்பியது. செய்தி காதில் விழுந்ததும் லோரெய்ன் முதலில் கூப்பிட்டது ராடோவைத்தான்.

"கேட்டியாடா? ஹாலிஸைக் கழற்றி விட்டுட்டாங்க! உன்னை அனுப்பின மாதிரியே அவரையும் அனுப்பிட்டாங்க. இப்பத்தான் என் வயிறு குளிர்ந்தது."





"அம்மா... அப்படிச் சொல்லாதீங்கம்மா. டிராஃப்ட்டுக்கு முன்னாடி விட்டதாலதான் இந்த டீம் என்னை எடுக்க முடிஞ்சுது. ஆகஸ்ட்ல விட்டிருந்தா எங்கே போயிருப்பேன்? எல்லா டீம்லயும் ரெண்டு இடமும் நிரம்பியிருக்கும்."

"சரிடா, உன் நல்ல நேரம். அதை அந்த ஆளா யோசிச்சுப் பண்ணார்?"

"அவரேதாம்மா! இங்கே போன் போட்டு 'இவனை எடுத்துக்கோங்க, நல்ல பையன்'னு சொன்னதே அவர்தான். செக் பையன் வராமப் போகலாம்னும் அவருக்குத் தெரியும். நானே கேட்டேன். 'அது என் தலைவலி, நீ போய் ஆடு'ன்னுட்டார்."

லோரெய்ன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அடப்பாவி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா? அந்த மனுஷனை நான் எத்தனை பேச்சுப் பேசியிருக்கேன்!"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்மா. 'உங்க அம்மா கெஞ்சினதை நான் கேட்டிருந்தா, உன் ஆட்டமே முடிஞ்சிருக்கும். அது தெரிஞ்சா அவங்க மனசு தாங்காது. பரவாயில்லை, என்னையே திட்டிட்டு இருக்கட்டும்'னார்."