சாகாத சாட்டைப்புழு

மூன்றாவது மலப் பரிசோதனை ரிப்போர்ட்டிலும் சாட்டைப்புழு முட்டை! டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"முதல்ல ஒரே ஒரு மாத்திரை. அதுக்கு அசையலைன்னு அடுத்து மூணு நாளைக்குக் கொடுத்தேன். உங்க மாமனார் ஒழுங்கா விழுங்கினாரா?"

"என் கண் முன்னாடியே விழுங்கினார் டாக்டர்," என்றார் மாப்பிள்ளை, வயிற்றைத் தடவியபடி.

"பொல்லாத புழுவா இருக்கே! இன்னொரு மருந்தையும் சேர்த்துடறேன். பெரியவர் எப்படியிருக்கார்?"

"கல்லுக்குண்டாட்டம் இருக்கார்."

எழுதிய பேனா நின்றது. "லேப்ல சாம்பிள் டப்பா மாறிப்போச்சோ? கொண்டுபோய்க் கொடுத்தது யாரு?"

"நான்தான்." மாப்பிள்ளை நெளிந்தார். "மாமனார்கிட்ட போய் டப்பாவை நீட்டினா மரியாதையாவா இருக்கும்? அதான் மூணு தடவையும்... என்னோடதையே கொடுத்துட்டேன்."

டாக்டர் பேனாவை மூடினார்.

"மருந்து சரிதான் மாப்பிள்ளை. விழுங்கின வாய்தான் தப்பு!"