வாசலில் ஒற்றை ஆள்

நகராட்சி அலுவலக வாசலில் தையல்காரி தன்னந்தனியாக நிற்கிறாள். கையிலுள்ள அட்டையில், ‘தகரக் குடியிருப்புக்குக் குடிநீரைத் திறந்துவிடுங்கள்’ என்று எழுதியிருக்கிறது. காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. எதிரே பேருந்து வந்து நிற்கும்போதெல்லாம் அவள் கழுத்து நீள்கிறது. இறங்குகிறவர்களில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. “எல்லாரும் வர்றதாச் சொன்னீங்களேம்மா?” என்கிறார் காவலாளி. “நேத்துப் பிரார்த்தனையில எல்லாரும் இருந்தாங்கண்ணே. அந்த ஜனங்களுக்காக உருகி உருகி வேண்டிக்கிட்டோம்.” “அப்புறம் என்ன? கடவுள் பாத்துக்குவாரு. வீட்டுக்குப் போங்க.” “அங்க குழாய மூடி வெச்சிருக்காங்க. என்னால கண்ண மூடி உக்கார முடியலண்ணே.” காவலாளி வாசல் கதவுப் பக்கம் நடக்கிறார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டபடி ஆணையரின் கார் வருகிறது. அவள் அட்டையை உயர்த்துகிறாள். தினமும் தொட்டதும் விலகுகிற தாழ்ப்பாளோடு இன்று காவலாளி மல்லுக்கட்டுகிறார். “இறுகிப்போச்சு சார், ஒரு நிமிஷம்!” கார் அவளுக்கு நேர் எதிரே நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவருக்குப் பார்ப்பதற்கு அவளைத் தவிர வேறொன்றும் இல்லை.